இந்த வருடப் பரிசுப் பணம்: ஒரு யோசனை

அண்ணன்மார், ஆச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

பிளஸ் டூவில் முதல் மூன்று இடம் வரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் சேர்ந்து கொடுக்கும் பரிசுத் தொகையைக் கூட்டலாம் என்று கோலாலம்பூர் அண்ணன் எழுதியிருந்தார்கள். நல்ல மனசு. ஆனால் அந்தப் பிள்ளைகள் எப்படியும் படித்துவிடுவார்கள், பாதியில் நிற்கிற பிள்ளைகளைத்தான் நாம் பார்ப்பதே இல்லை.

கல்லூரியில் சேருவதற்கு இப்போது வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் இன்ஜினீயரிங் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம், ஃபீஸையும் அரசே கட்டுகிறது. 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய், 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் மூலம் பையன்களுக்கும். ஆனால் பி.காம். சேர்ந்த கொத்தனார் வீட்டுப் பையனுக்கு மெஸ் பில், பஸ், பரீட்சை ஃபீஸ் எல்லாம் அந்த ஆயிரத்துக்குள் அடங்குமா? அப்பாவுக்கு ஒரு மாதம் வேலை இல்லையென்றால் அவன் கடைக்கு வேலைக்குப் போகிறான், அட்டெண்டன்ஸ் குறைகிறது, பரீட்சை எழுத முடியவில்லை, படிப்பு அதோடு நின்றுபோகிறது.

இதைக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் நினைத்தால் தடுக்கலாம். அட்டெண்டன்ஸ் குறைய ஆரம்பித்ததுமே வாத்தியார் கூப்பிட்டு ஏன் என்று கேட்க வேண்டும். லைப்ரரியிலும் லேபிலும் மாலையில் இரண்டு மணி நேர வேலை கொடுத்துச் சம்பளம் தரலாம், வெளியே ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். அவசரத்துக்கு ஒரு நிதி, அதைத் தாசில்தார் சான்றிதழ் எதுவும் கேட்காமல் துறைத் தலைவரே அன்றைக்கே கொடுக்கும்படி வைக்க வேண்டும். நம் பணம் அந்த நிதிக்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி ஆரம்பித்து, சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த ஊர் அது. அந்தப் படிப்பு காம்பவுண்டுக்கு வெளியேயும் வர வேண்டாமா? காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சரி, ஆனால் தறிக்காரருக்கு ஆன்லைனில் விற்கவும் பேங்க் லோனுக்குக் கணக்கு எழுதவும் யார் கூட நிற்கிறார்கள்? காமர்ஸ் பிள்ளைகள் அதை பிராஜெக்ட்டாகச் செய்து மார்க் வாங்கட்டும், கொட்டான் என்கிற ஓலைக் கூடை முடைகிற ஆச்சிமாருக்கும் அப்படியே.

சாதி பார்க்காமல், ஊரில் எந்தத் தெருப் பிள்ளையானாலும் இந்த நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் யார் யார் என்று எழுதுங்கள், சேர்ந்தே காரைக்குடி போய்ப் பேசிவிட்டு வரலாம்.