வைட்டமின் சி சீரம் எட்டே நாளில் ஆரஞ்சாகிறது, அடியில் மணல் போலப் படிகிறது: எதை மாற்றுவது?

கேள்வி

வணக்கம். சுருக்கத்துக்கும் கரும்புள்ளிக்கும் சேர்த்து ஒரே சீரமாகச் செய்யப் பார்க்கிறேன். 50 கிராமுக்கு அளவு: எல்-அஸ்கார்பிக் அமிலம் 7.5, நியாசினமைடு 2.5, ஃபெரூலிக் அமிலம் 0.25, ஹயலூரானிக் தூள் 0.5, கிளிசரின் 2.5, வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் எண்ணெய் 0.5, சோடியம் பென்சோயேட் 0.25, மீதி வடிகட்டிய குடிநீர்.

முதல் தடவை முகம் எரிந்து சிவந்தது. பிஎச் (அமிலத்தன்மை அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) தாள் 2 காட்டியது. அடுத்த தடவை சமையல் சோடா 3.5 கிராம் போட்டு 5.5க்கு ஏற்றினேன். எரிச்சல் இல்லை. ஆனால் கலந்த உடனே இளமஞ்சள், எட்டாம் நாள் ஆரஞ்சு. மேலே எண்ணெய் வளையம், அடியில் மணல் போலத் தூள். ஹயலூரானிக் போட்டும் தண்ணீராக ஓடுகிறது.

மறுமொழி 1

பெரிய தவறு சோடாதான். அஸ்கார்பிக் அமிலத்தின் பிகேஏ (பாதி அயனியாகும் பிஎச்) சுமார் 4.1. பிஎச் 5.5இல் அதில் ஏறக்குறைய 96 சதவீதம் அயனியாகிவிடும். அயனி வடிவம் தோலின் மேலடுக்கைத் தாண்டுவதும் கடினம், காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைவதும் வேகம். எரிச்சல் நின்றது நல்ல அறிகுறி இல்லை. உள்ளே போவதே குறைந்துவிட்டது. இலக்கு 3.0 முதல் 3.3 வரை. 3.5ஐத் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர். குடிநீரில் துளி இரும்பும் செம்பும் இருந்தாலே போதும், அஸ்கார்பிக் கெடுவதை அவை விரைவுபடுத்தும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. கூடவே அந்த உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் டைசோடியம் இடிடிஏ 0.1 சதவீதம்.

உடனே வந்த இளமஞ்சளையும் எட்டாம் நாள் ஆரஞ்சையும் ஒன்றாக எண்ணாதீர்கள். நியாசினமைடும் அஸ்கார்பிக்கும் சேர்ந்தாலே எலுமிச்சை மஞ்சள் வரும், அது கெட்டது அல்ல. நாளாக ஆக ஆழமாகும் ஆரஞ்சுதான் கெட்டது. அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள்.

மறுமொழி 2

பென்சோயேட்டை உடனே நிறுத்துங்க. அஸ்கார்பிக்கும் பென்சோயேட்டும் உலோகத் தடயத்தோட ஒரே நீரில் இருந்தா பென்சீன் உருவாக வாய்ப்பு உண்டு. குளிர்பானங்கள்ல இது தெரிஞ்ச பிரச்சினை. போதாததுக்கு பிஎச் 5.5ல பென்சோயேட் கிருமியையும் சரியாத் தடுக்காது. ஃபீனாக்ஸிஎத்தனால், எத்தில்ஹெக்ஸைல்கிளிசரின் சேர்ந்த கலவை 1 சதவீதம் போடுங்க.

அடியில் இருக்கிற மணல் ஃபெரூலிக். அது தண்ணீரில் ரொம்பக் கொஞ்சம்தான் கரையும், எவ்வளவு கலக்கினாலும். எத்தாக்ஸிடைக்ளைகால்ங்கிற கரைப்பான்ல முதலில் தெளியுற வரைக்கும் கரைக்கணும். எண்ணெய் வளையத்துக்கு, எண்ணெயைத் தண்ணீரோட கலக்க வைக்கிற பாலிசார்பேட் 80 வேணும். கேப்ஸ்யூலையும் விடுங்க. பலதுல இருக்கிறது டோகோஃபெரைல் அசிடேட்டும் சமையல் எண்ணெயும்தான்; பாட்டிலுக்குள்ள வைட்டமின் சியைக் காக்க அசிடேட் உதவாது. ஆல்ஃபா டோகோஃபெரால்னு எழுதியிருக்கிறதை வாங்குங்க, தேன் மாதிரி கெட்டியா, பழுப்பா இருக்கும்.

ஹயலூரானிக் ஓடுறதுக்குக் காரணம் உப்பு. 3.5 கிராம் சோடா போட்டதுல அத்தனையும் சோடியம் உப்பாயிடுச்சு. அதில் ஹயலூரானிக் சங்கிலி சுருங்கி, கெட்டித்தன்மை போயிடும். தூள் குறைந்த மூலக்கூறு எடை வகையா இருந்தா எப்படியும் கெட்டியாகாது, லேபிளைப் பாருங்க.

கேட்டவர்

மிக்க நன்றி. புதிய அளவும் செய்யும் வரிசையும் கிடைக்குமா? நியாசினமைடை எங்கே சேர்ப்பது?

மறுமொழி 1

50 கிராமுக்கு இதைப் பின்பற்றுங்கள். தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும்; கரண்டி அளவு இந்த வேலைக்கு ஆகாது.

முதல் நாள் இரவு: சோடியம் ஹயலூரானேட் (ஹயலூரானிக் அமிலத்தின் உப்பு வடிவம்) 0.1 கிராமை கிளிசரின் 1.5 கிராமில் குழைத்து, காய்ச்சி வடித்த நீர் 30 கிராம், இடிடிஏ 0.05, பதப்படுத்தி (மேலே சொன்ன ஃபீனாக்ஸிஎத்தனால் கலவை) 0.5 சேர்த்து மூடி வையுங்கள். நேரடியாகத் தண்ணீரில் தூவினால் மீன்கண் போலக் கட்டி கட்டியாக நிற்கும்.

மறுநாள் அதில் அஸ்கார்பிக் 7.5 கிராமைச் சூடு காட்டாமல் கரையுங்கள். பிஎச் 2க்குச் சற்று மேலே இருக்கும். 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் துளித்துளியாக விட்டு 3.2க்குக் கொண்டுவாருங்கள், ஒன்றிலிருந்து இரண்டு கிராமுக்குள் முடிந்துவிடும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அந்தக் கரைசலைச் செய்யும்போது ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீரை அதன் மேல் ஊற்றாதீர்கள். இந்த இடத்தில் தாள் போதாது, 3.0க்கும் 3.5க்கும் வித்தியாசம் காட்ட அளவீடு செய்த மீட்டர் வேண்டும்.

தனிக் கிண்ணத்தில் எத்தாக்ஸிடைக்ளைகால் 5 கிராமில் ஃபெரூலிக் 0.25 கரைந்து தெளிந்ததும், டோகோஃபெரால் 0.5, பாலிசார்பேட் 80 1.5 கிராம் சேர்த்துக் கலக்குங்கள். இதை நூல்போல நீர்ப்பகுதிக்குள் விட்டபடியே கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஃபெரூலிக் அந்த நொடியே வெளியே வந்துவிடும். பிஎச் மறுபடி பார்த்து, நீர் விட்டு 50 கிராமாக்குங்கள்.

15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத ஈ, 0.5 சதவீத ஃபெரூலிக் என்ற இந்த விகிதம் 2005இல் வெளியான ஆய்வு மூலம் பரவலானது. முதல் முறை செய்பவர் 10 சதவீத சியிலேயே தொடங்கலாம்.

மறுமொழி 2

நியாசினமைடு தனி பாட்டில். 4 அல்லது 5 சதவீதம், பிஎச் 6 பக்கம். ரெண்டும் ஒண்ணுக்கொன்று விஷம்னு சொல்றது சரியில்லை. ஒன்றன்மேல் ஒன்றாத் தடவலாம். ஆனா ஒரே பாட்டிலில் பிஎச் 3.2ல மாதக்கணக்கா வெச்சா நியாசினமைடு மெல்ல நீராற்பகுத்து நியாசினாகும், அதுதான் முகத்தைச் சிவக்க வைக்கும். காலையில் சி, இரவில் நியாசினமைடுன்னு பிரிச்சா குழப்பமே இல்லை.

ஒரே பாட்டில்தான் வேணும்னா அஸ்கார்பிக்கை விட்டுட்டு சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் 5 சதவீதம் எடுத்து, பிஎச் 6.5ல நியாசினமைடோட சேருங்க. வேகம் குறைவு, நிலைப்பு அதிகம்.

முதலில் முழங்கையின் உட்புறம் 48 மணி நேரம் சோதனை. பகலில் சன்ஸ்கிரீன் தவறக்கூடாது. அது இல்லாம கரும்புள்ளி மங்காது. மாற்றம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம்.

கேட்டவர்

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

மறுமொழி 1

வைக்க வேண்டும். பழுப்புக் கண்ணாடியில் 25 கிராம் வீதம் விளிம்புவரை நிரப்பி, ஒன்றை மட்டும் திறந்து பயன்படுத்துங்கள். பாதி காலியான பாட்டிலில் உள்ள காற்றுதான் நிறத்தை மாற்றும். குளிரில் ஊசிபோலப் படிகம் வந்தால் அது ஃபெரூலிக். அடுத்த தடவை 0.15 கிராமாகக் குறையுங்கள்.