விண்ட் ஸ்லாபுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் மவுண்ட் வாஷிங்டனில் குளிர்காலத்தில் ஏறப் போகும் நம் ஆட்களுக்காக நாலு பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். உயரம் என்று பார்த்தால் 1,917 மீட்டர்தான், நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவு. அதை நம்பித்தான் சிலர் ஜீன்ஸோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் 1934 ஏப்ரல் 12 அன்று அந்த உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்திருக்கிறது. 1996 வரை அதுதான் உலக சாதனை.

எனக்கு வந்திருக்கும் சிக்கலும் அந்தக் காற்றால் வந்ததுதான். மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, மேலே மொட்டை வெளியில் கிடக்கும் பனியை வாரிக்கொண்டு போய்க் கிழக்கே டக்கர்மன், ஹன்டிங்டன் பள்ளத்தாக்குகளில் கொட்டுகிறது. போகிற வழியில் பனித்துகள்களின் கிளைகள் ஒடிந்து பொடியாகின்றன. அந்தப் பொடி நெருங்கிப் படிந்து இறுகிவிடும். அடியில் மட்டும் இளக்கமான பழைய அடுக்கு ஒன்று அப்படியே இருக்கும். நடப்பவருக்குக் கெட்டித் தரை போலத்தான் தெரியும். அவர் பாரத்தில் அடியடுக்கு நொறுங்கினால் விரிசல் ஓடி, மேலடுக்கு முழுசாக அறுந்து இறங்கும், அவரையும் சேர்த்து. அந்த மேலடுக்குக்குத்தான் ஸ்லாப் என்று பெயர். காற்று கட்டியது என்பதால் விண்ட் ஸ்லாப். 'பனிச்சரிவு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுத முடியவில்லை. உதவுங்கள்.

---

> உதவுங்கள்

காற்றுப்பலகை? சிலேட்டுப்பலகை, கற்பலகை எல்லாம் இருக்கிறதே, தம்பி. எளிதாகவும் இருக்கிறது.

---

அக்கா, நன்றி. சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலகை என்றதும் எனக்கு ஏறி உட்காரத் தோன்றுகிறது. இங்கே ஆபத்தே அதுதானே.

இரண்டு வருடம் முன்பு பிப்ரவரியில் அதே மலையில் லயன் ஹெட் குளிர்காலப் பாதையில் போனோம். (கோடைப்பாதை வேறு. பனிச்சரிவு விழும் தடத்தை அது குறுக்கே கடப்பதால், பனி சேர்ந்ததும் மூடிவிட்டுச் செங்குத்தான இந்தப் பாதையைத் திறப்பார்கள்.) ஓரமாக, ஆள் உயரம்கூட இல்லாத ஒரு மேட்டில் பனி வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது போல மழமழவென்று இருந்தது. காலால் தட்டினால் மேளம் மாதிரி உள்ளே வெற்றுச் சத்தம். ஊன்றுகோலைக் குத்தினேன். முதல் ஒரு சாண் கெட்டி, அப்புறம் சர்க்கரை மூட்டையில் குத்தியது போலச் சர்ரென்று இறங்கியது. மண்வெட்டியால் நாலு பக்கமும் வெட்டிவிட்டுப் பின்னாலிருந்து லேசாகத் தட்டினேன். ஒரு முழ அகலக் கட்டி அப்படியே வழுக்கி வந்து என் முழங்காலில் மோதி உடைந்தது. துண்டுகளின் ஓரமெல்லாம் கத்தி வைத்து அறுத்தது போல நேராக இருந்தன.

அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கோடையில் வற்றிய ஏரி. தரை எப்படி வெடிக்கும்? பாளம் பாளமாக. கெட்டியாக இருப்பது, வெடிப்பது, மொத்தமாகப் பெயர்வது மூன்றும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: ஸ்லாப் பாளம், விண்ட் ஸ்லாப் காற்றுப்பாளம், ஸ்லாப் அவலாஞ்ச் பாளச்சரிவு.

இன்னொரு வகை உண்டு. ஒரு புள்ளியில் தொடங்கி, ஒட்டாத பனி கீழே போகப் போக விசிறி போல விரிந்து கொட்டும். அதற்கு உதிரிச்சரிவு. பூக்கடையில் உதிரிப்பூவும் கட்டின சரமும் தெரிந்த யாருக்கும் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

---

அன்பு நண்பருக்கு,

பாளம் சரி. தங்கப்பாளம், வெள்ளிப்பாளம் என்று உலோகக் கட்டிக்கும் சொல்வதால் கனமும் சேர்ந்தே வருகிறது. இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, காற்றுப்பாளம் என்றால் காற்றாலான பாளம் என்று படிக்க மாட்டார்களா? இரண்டு, சரிவு என்ற சொல் மலையின் சாய்வையும் குறிக்கிறது, விழுவதையும் குறிக்கிறது. '35 பாகைச் சரிவில் சரிவு' என்று எழுதப் போகிறீர்களா?

நீலகிரிக்காரர்கள் இந்த வம்பே வேண்டாமென்று ஆங்கில அவலாஞ்சை அப்படியே வைத்து அங்கே ஓர் ஊரை அவலாஞ்சி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அது பனியே இல்லை, ஒரு பெரிய மண்சரிவால் அந்த ஊருக்கு வந்த பெயர். ஆங்கிலத்திலும் சொற்கள் இப்படித்தான் ஊர் சுற்றுகின்றன.

---

ஐயா,

இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். ஒத்துக்கொள்கிறேன். கையேட்டில் நிலத்துக்கு 'சாய்வு' மட்டும், விழுவதற்கு 'சரிவு' மட்டும் என்று கண்டிப்பாகப் பிரித்துவிடுகிறேன். 'பாளச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் நிகழும்.' இப்போது குழப்பம் இல்லை.

முதல் கேள்விக்குப் பதில் ஆற்றுமணல். ஆறு கொண்டுவந்த மணல் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? அதே போலக் காற்று கொண்டுவந்த பாளம். 'வளியிறுகு பனியடுக்கு' என்று தனிமடலில் ஒரு நண்பர் அனுப்பியிருந்தார். பொருள் துல்லியம்தான். ஆனால் அந்த மலையில் பக்கத்தில் நிற்பவர் காதில் விழ வேண்டுமென்றாலே கத்த வேண்டும். 'பாளம்!' என்று கத்தலாம். அதை எப்படிக் கத்துவது? புதையுண்டவரை முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். நீளச் சொல்லுக்கு அங்கே நேரமில்லை.

பனி கொட்டும் பக்கத்துக்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை. மழைமறைவுப் பகுதி என்று பள்ளியில் படித்திருக்கிறோம், காற்றுமறைவுப் பக்கம் என்றால் போதும். அடியடுக்கு அமுங்கும்போது வரும் சத்தத்தை ஆங்கிலத்தில் வும்ஃப் என்கிறார்கள். நான் 'தொம்' என்றே எழுதிவிட்டேன்: 'தொம்மென்று கேட்டால் உடனே திரும்புங்கள்.'

மிச்சம் இருப்பது கார்னிஸ். முகட்டு விளிம்பைத் தாண்டி, அடியில் தாங்கல் இல்லாமல் காற்று வெளியே நீட்டிவிடும் பனி. மேலே நிற்பவருக்கு மலை எங்கே முடிகிறது என்று தெரியாது. ஓட்டு வீட்டில் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கூரை விளிம்பை எங்கள் ஊரில் எறவாணம் என்போம். அகராதியில் இறவாரம் என்று இருக்கிறது. பனியிறவாரம் என்று எழுதினால் படிப்பவர்களுக்குப் பிடிபடுமா, பனியெறவாணம் என்றே விட்டுவிடட்டுமா? உங்கள் பக்கத்தில் எப்படிச் சொல்வீர்கள்?