எழும்பூர் அருங்காட்சியகம்: குழந்தைகளுக்கு எதை முதலில் காட்டலாம்?

கேள்வி:
8 வயது மகளையும் 5 வயது மகனையும் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். 1851இல் தொடங்கப்பட்ட அவ்வளவு பெரிய இடத்தில் எதிலிருந்து தொடங்குவது நல்லது?

மறுமொழி 1:
திமிங்கல எலும்புக்கூட்டிலிருந்து தொடங்குங்கள். திமிங்கலம் மீனன்று, பாலூட்டி என்று நாமே சொல்லிவிடாமல், அதன் துடுப்புக்குள் நம்முடையதைப் போன்ற விரலெலும்புகள் இருப்பது ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2:
மகளுக்குத் திருவாலங்காட்டு நடராசர் வெண்கலச் சிலையைக் காட்டுங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சூடாக்கி, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையை வீட்டிலேயே விளக்கிவிட்டால், அங்கே அவள் கேள்விகளோடு நிற்பாள். எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் முடிக்க முயல்வது வீண். சிறுவன் நிச்சயம் சோர்ந்துவிடுவான்.

மறுமொழி 3:
வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.