ஆயுள் கைதி கோமஸ் ஜனாதிபதியின் காவலுக்கு வந்தது எப்படி? ('எல் செக்ரெத்தோ தே சுஸ் ஓஹோஸ்', 2009)

மாலைக்காட்சி:
அர்ஜென்டினா படம், இயக்கம் ஹுவான் ஹோசே கம்பனெல்லா. கொலை விசாரணை வரை தெளிவாக இருக்கிறது. ஆயுள் தண்டனை பெற்ற கோமஸ் திடீரென்று டிவியில் ஜனாதிபதியின் காவலர்களோடு நிற்கிறானே, அது எப்படி? வழக்கை விசாரிக்கும் நீதிமன்ற அலுவலர் பெஞ்சமினும் அவனுடைய மேலதிகாரி இரேனேவும் பிரிவதற்கு வெறும் தயக்கம்தான் காரணமா? இரண்டுமே பிடிபடவில்லை.

நடுவரிசை:
கிளைமாக்ஸைத் தொடாமல் சொல்கிறேன். கொலை நடப்பது 1974 ஜூனில். ஜூலை 1 அன்று ஜனாதிபதி பெரோன் இறக்க, துணை ஜனாதிபதியாக இருந்த மனைவி இசபெல் பதவிக்கு வருகிறார். அவருடைய அமைச்சர் லோபெஸ் ரேகாவின் நிழலில் 'ட்ரிபிள் ஏ' என்ற கொலைப்படை இடதுசாரிகளை வேட்டையாடிய காலம் அது. சிறைக்குள் இளம் கெரில்லாக்களை வேவு பார்த்துக் கொடுத்த கோமஸை, பெஞ்சமினோடு பகை கொண்ட அதிகாரி ரொமானோ வெளியே எடுத்து வேலைக்கு வைத்துக்கொள்கிறான். இதை ராணுவ ஆட்சிக் கதை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்தது 1976 மார்ச் 24 அன்றுதான். தேர்தலில் வந்த அரசுக்குள்ளேயே அழுகல் தொடங்கிவிட்டது என்று காட்டியதுதான் இந்தப் படத்தின் துணிச்சல்.

ரீல்பெட்டி:
காதலுக்கான பதிலும், கோமஸ் வெளியே வந்தது பற்றிக் கேட்க இருவரும் போகும் ரொமானோவின் அறையிலேயே இருக்கிறது. இரேனே பெரிய இடத்துப் பெண், வெளிநாட்டில் படித்தவள், அவளைத் தொட முடியாது. உனக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று பெஞ்சமினின் முகத்துக்கு நேராகவே ரொமானோ சொல்கிறான். அடுத்து லிஃப்ட் காட்சி. கோமஸ் உள்ளே வந்து, இருவர் கண்முன்னே துப்பாக்கியில் தோட்டா ஏற்றுகிறான். வசனமே இல்லை. உயிர் பிழைக்க பெஞ்சமின் ஹுஹுய் மாகாணத்துக்குப் போகிறான். அங்கேயும் அவனைக் காப்பது இரேனே குடும்பத்தின் செல்வாக்குதான். காதலுக்குக் குறுக்கே நின்ற அதே வர்க்கம் அவன் உயிரைக் காக்கிறது. தயக்கம் உண்டு, ஆனால் அதற்கு அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது. மறுபடி பார்க்கும்போது இரேனேவின் அறைக்கதவைக் கவனியுங்கள். எப்போது மூடச் சொல்கிறாள், எப்போது திறந்தே விடுகிறாள் என்பதில் பாதிக் காதல் அடங்கிவிடும்.

மாலைக்காட்சி:
நன்றி, இப்போது புரிகிறது. கோமஸைத் துரத்தும் அந்த ஸ்டேடியம் காட்சி நிஜமாகவே ஒரே ஷாட்டா? 2015 ஹாலிவுட் ரீமேக் எப்படி?

நடுவரிசை:
ஒரே ஷாட் போலத் தெரியும், ஆனால் பல துண்டுகளை டிஜிட்டலில் ஒட்டியது. இடம் உராகான் என்ற கால்பந்து கிளப்பின் மைதானம். திட்டமிட 3 மாதம், படப்பிடிப்பு 3 நாள், அதற்குப் பின்னான வேலை 9 மாதம். நிஜத் துணை நடிகர்கள் சுமார் 200 பேர். மீதிக் கூட்டம் கணினியில் உருவானது. வானிலிருந்து இறங்கும் கேமரா, கோமஸ் சுவரிலிருந்து குதிக்கும்போது கூடவே குதிப்பதைப் பாருங்கள். ரீமேக் கதையை 9/11க்குப் பிந்தைய லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றி, கொலைகாரனை போலீஸுக்குத் தகவல் தருபவனாக வைத்தது. அசலைப் பார்த்தவர்களுக்கு அது தேவையில்லை.