வேலூர் – காவலூர் – போளூர் சுற்று: வழி மறித்தால் போனா, காகித வரைபடமா, டீக்கடையா?

பாலாத்தங்கரையான்
போன ஞாயிறு பட்டதைச் சொல்லி ஒரு சண்டையை ஆரம்பித்து வைக்கிறேன். சைக்கிளில் போகப் போட்ட திட்டம் இது: வேலூர், அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர், கண்ணமங்கலம், மறுபடி வேலூர். முதல் நாள் ராத்திரியே ஜிபிஎக்ஸ் பைல் (போகும் வழியைக் குறித்து வைக்கும் கோப்பு) போட்டு போனில் ஏற்றிவிட்டேன். ஒடுகத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கானாற்றுத் தரைப்பாலத்தின்மேல் முழங்கால் அளவு தண்ணீர். வண்டி இறங்காமல் இருக்க யாரோ இரண்டு வேலிமுள் கிளையை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மாற்றுப்பாதைப் பலகை எதுவும் இல்லை.

ஆப் உடனே வேறு வழி காட்டியது, ஆறே கிலோமீட்டர் என்று. முதலில் சிமெண்ட் ரோடு, அப்புறம் மண், அப்புறம் மாட்டுவண்டித் தடம். கடைசியில் வனத்துறை கேட், அதில் பூட்டு. செம்மண் டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவில்லை. குச்சியால் நோண்டி நோண்டித் தள்ளிக்கொண்டு திரும்பினேன். இரண்டு மணி நேரம் போச்சு, காவலூரும் போச்சு. இனி போனை நம்பமாட்டேன். போன் கட்சிக்காரர்கள் பதில் சொல்லுங்கள்.

கியர் மணி
அண்ணே, பழியைப் போன் மேல் போடாதீர்கள். ஜிபிஎக்ஸ் என்பது வெறும் புள்ளிகளின் சங்கிலி, அதற்கு மூளை கிடையாது. வேறு வழி காட்டியது ஆப். அதனிடம் நீங்கள் என்ன கேட்டு வைத்திருந்தீர்கள், "குறைந்த தூரம்" என்றா? கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் விட்டுவிட்டு வரைந்த கோடு இருந்தால் அது வண்டித்தடம், ரோடு இல்லை. திரும்பும் முன் விரலால் பெரிதாக்கி அரை நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பூட்டிய கேட்டை மேப்பில் குறித்தீர்களா? குறிக்கவில்லை என்றால் அடுத்து வருகிறவனும் சைக்கிளைத் தள்ளுவான். அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

கோட்டைவாசல்
தம்பி மணி, மழை தூறும்போது ஈரக் கையால் திரையைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாயா? மே மாதம் வேலூர் வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டிய போன் சூடாகித் தானாக அணைந்துபோன கதை உனக்கே தெரியும்.

என் கட்சி காகிதம். மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 57 எல் என்ற எண்ணுள்ள வரைபடத் தாள்களில் வாணியம்பாடி, ஆலங்காயம், ஜவ்வாது மலை எல்லாம் வந்துவிடும். 50,000க்கு ஒன்று அளவு, அதாவது ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. வேலூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம், காவலூர் 700 சொச்சம். அந்த ஐந்நூறு மீட்டர் ஏற்றம் எந்த இடத்தில் உன் தொடையைப் பிடிக்கும் என்பதைக் கோடுகளின் நெருக்கமே சொல்லிவிடும். வழி மறித்தால் மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். போன் திரையில் மூன்று கிலோமீட்டர்தான் தெரியும், அல்லது தமிழ்நாடு முழுவதும் தெரியும்.

கியர் மணி
ஐயா, அந்தத் தாள்கள் அளந்து எத்தனை வருஷம் ஆச்சு? நம் ஊர்களெல்லாம் ஒரே வடஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்துச் சங்கதி. அதில் பாதி ரோடு இருக்காது.

கோட்டைவாசல்
ரோடு மாறும். மலை மாறாதே, தம்பி.

ஆரணிக்காரி
இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்தத் தரைப்பாலத்துக்கு முன்னால் ஊர் இருந்திருக்குமே? அங்கே கேட்டிருந்தால் கேட் இருப்பதைச் சொல்லியிருப்பார்கள். முள்ளை வெட்டிப் போட்டவரே அந்த ஊர்க்காரர்தானே!

ஆனால் கேட்கவும் தெரிய வேண்டும். "இந்த ரோடு ஆலங்காயம் போகுமா?" என்று கேட்டால் எல்லோரும் "போகும்" என்பார்கள், மனசு நோகக்கூடாது என்று. "ஆலங்காயத்துக்கு எப்படிப் போவீங்க?" என்று கேளுங்கள். "பஸ் போகுதா?" என்றும் கேளுங்கள். பஸ் போகிற ரோட்டில் கேட் இருக்காது. அப்புறம் அவர்கள் சொல்லும் "பத்து நிமிஷம்" பைக்குக்கானது, நமக்கு அது முக்கால் மணி நேரம்.

கியர் மணி
அக்கா, நான் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "சைக்கிள்லயா? பேசாம பைபாஸுக்கே போய்டுங்க." 48ஆம் நெடுஞ்சாலையில் லாரிக்கு ஓரம் கொடுத்துக்கொண்டு ஆம்பூர் வரை போவதற்கா மலைக்குக் கிளம்பினோம்?

ஆரணிக்காரி
அது உண்மைதான். இன்னொன்றும் சொல்கிறேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நின்று வழி கேட்பது உங்களுக்கு வேறு, எனக்கு வேறு. டவுன் பஸ்ஸுக்குப் பெண்கள் காத்திருக்கும் நிறுத்தத்திலோ ரேஷன் கடை வாசலிலோதான் நான் நிறுத்துவேன். அப்படி இடம் கிடைக்காவிட்டால் இறங்கவே மாட்டேன், ஆஃப்லைன் மேப்தான் துணை. அதனால் போனைக் குப்பையில் போடச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. அதை மட்டும் நம்பும் கட்சியிலும் இல்லை.

இரும்புக்குதிரை
பிரெவே, அதாவது நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வழியை விட்டு விலகினால் விலகிய அதே இடத்துக்குத் திரும்பி வந்துதான் தொடர வேண்டும், குறுக்குவழி கிடையாது. அந்தப் பழக்கம் சாதாரண நாளிலும் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. புது வழியில் இரண்டு கிலோமீட்டருக்குள் தார் ரோடு வராவிட்டால் யோசிக்காமல் திரும்பிவிடுவேன். பாலாத்தங்கரையாரே, மண் ரோடு ஆரம்பித்ததும் ஏன் திரும்பவில்லை?

பாலாத்தங்கரையான்
ஆப்பில் "இன்னும் 3.1 கிலோமீட்டர்" என்று காட்டிக்கொண்டே இருந்தது. எண் குறையக் குறையத் திரும்ப மனசு வரவில்லை. அதுதான் நிஜம். 1977ல் யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது காவலூர் வானாய்வகத்துக்காரர்களும் அதைப் பதிவு செய்தார்கள். எனக்குக் காவலூருக்கு ரோடே தெரியவில்லை!

கோட்டைவாசல்
நீர் காகிதம் வாங்கினாலும் அதையேதான் செய்வீர்.

பாலாத்தங்கரையான்
சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தாள் வாங்கப் போகிறேன், சுவரில் ஒட்டவாவது ஆகும். மணி, கேட்டை மேப்பில் குறித்துவிட்டேன். வரும் ஞாயிறு இந்த முறை எதிர்த்திசை: கண்ணமங்கலம், போளூர், ஜமுனாமரத்தூர், காவலூர், ஆலங்காயம். தண்ணீர் வடியாவிட்டால் ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்கு இறங்கி, மணி திட்டினாலும் பைபாஸில் வந்துவிடுவேன். காலை 4:30க்குக் கோட்டை எதிரில் நிற்பேன். யாரிடமாவது 32 அளவு ஸ்பேர் டியூப் இருக்கிறதா? அந்த வேலிமுள் என்னுடையதைப் பார்த்துவிட்டது.

ஆரணிக்காரி
இரண்டு இருக்கிறது. நான் ஆரணியிலிருந்து நேராகப் போளூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன். ஏழு மணிக்கு மேல் காத்திருக்கமாட்டேன்.