மறு: முன்னோடிக் கலமா, வடலிக்கலமா?

வணக்கம் ஐயா,

'rat primary glial precursor cell' என்பதற்கு நீங்கள் சொன்ன தமிழ் பற்றி:

> "எலியின் முதன்மை நரம்புப்பசை முன்னோடிக் கலம்" என்று வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் வருகிறது.

சொல்லுக்குச் சொல் வருகிறது, பொருள்தான் வரவில்லை.

'முதன்மை' என்றால் மாணவர் முக்கியமான கலம் என்றுதான் விளங்கிக்கொள்வார். விலங்கிலிருந்து நேரே எடுத்து வளர்த்தது என்பதே இங்கு செய்தி. 'முதல்வளர்ப்புக் கலம்' போதும்.

'பசை' (glia, நரம்புக் கலங்களுக்குத் துணைநிற்கும் கலங்கள்) ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோவின் கருத்து. நரம்புகளை ஒட்டிவைக்கும் காரை என்று 1850களில் அவர் நினைத்தார், பெயர் நிலைத்துவிட்டது. நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறையைப் போர்த்துகிற கலத்தையும் நாம் ஏன் பசை என்று அழைக்கவேண்டும்? 'கிளியா' என்றே விடுவோம். (அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான்.)

இனி 'முன்னோடி'. இந்தக் கலம் யாருக்கும் முன்னே ஓடவில்லை. தானே முதிர்ந்து மயலின் கலமாகிறது. 'குருத்து' ஏற்கெனவே வேறு கலத்துக்கு (stem cell) போய்விட்டது. எனவே 'வடலி' (இளம்பனை) என்கிறேன். எங்கள் பின்வளவில் ஆறேழு வடலி நிற்கிறது. பனை என்பது நிச்சயம், ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. 1983இல் ராஃப், மில்லர், நோபிள் மூவரும் எலியின் பார்வை நரம்பில் கண்ட கலமும் இதே கதைதான். வளர்ப்பு ஊடகத்தில் சீரம் இல்லாவிட்டால் ஒலிகோடென்ட்ரோசைட் (மயலின் கலம்) ஆகும், சீரம் சேர்த்தால் ஒருவகை ஆஸ்ட்ரோசைட் (விண்மீன் வடிவக் கிளியா) ஆகும்.

பிரித்தெடுக்கும் முறைக்கு 'உலுப்பல்'. பிறந்து ஓரிரு நாளான எலிக்குட்டியின் மூளைப் புறணிக் கலங்களைக் குடுவையில் பத்து நாள் அளவில் வளர்த்தால், ஆஸ்ட்ரோசைட்டுகள் அடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிடும். வடலிக்கலங்கள் அதன்மேல் பிடி தளர்ந்து ஒட்டியிருக்கும். முதலில் ஒரு மணி நேரம் ஆட்டி மைக்ரோகிளியாவை (மூளையின் காவல் கலங்களை) கழித்துவிட்டு, பிறகு இரவு முழுக்க ஆட்டினால் இவை கழன்று மிதக்கும். மக்கார்த்தியும் டி வெல்லிஸும் 1980இல் எழுதிய முறை. நாவல் மரத்தை உலுப்பிப் பழம் பொறுக்கியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எலிக்குப் பதில் 'கொறிணி' (rodent) என்று பொதுவாகவும் எழுதவேண்டாம். எலிக்கு நன்றாகச் சரிவரும் உலுப்பல் சுண்டெலிக்கு அவ்வளவு சரிவராது.

---

> அண்ணா, முதிர்ந்த மூளையிலும் இந்தக் கலங்கள் இருக்கின்றனவே. அங்கேயும் வடலியா? சென்னையில் என் மாணவர் பாதிப்பேருக்கு அந்தச் சொல்லே தெரியாது.

தம்பி, பனங்கூடலில் நெட்டைப் பனைகளுக்கிடையே வடலியும் நிற்கும்தானே. மயலின் சிதைந்த இடத்தில் புதுக் கலங்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வருகின்றன. சென்னைக்கு முதல் தடவை மட்டும் 'வடலி, அதாவது இளம்பனை' என்று எழுதிவிடுங்கள். 'இளங்கலம்' மட்டும் வேண்டாம். பட்டப்படிப்பு என்று நினைத்துவிடுவார்கள்.