எண்ணெய் கேனில் வைத்த தக்காளி வாடுகிறது, அரிசிச் சிப்பம் நொறுங்குகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி (திருநகர், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி எதையும் விலைக்கு வாங்காமல், சமையலறையில் மிஞ்சும் பொருட்களைக் கொண்டே தோட்டம் போட்டிருக்கிறோம். 2019 சனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகும், பால் கவரும் எண்ணெய் கேனும் அரிசிச் சிப்பமும் வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவை வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குப் போவதற்குப் பதிலாக நான்கு செடிகளுக்கு உதவட்டும் என்பதே எங்கள் எண்ணம்.

தலைப்பகுதியை வெட்டிய 5 லிட்டர் எண்ணெய் கேன்களில் தக்காளியும் மிளகாயும், 25 கிலோ அரிசிச் சிப்பங்களில் கத்தரியும், மீன் கடையில் வாங்கிய தெர்மாகோல் பெட்டியில் அரைக்கீரையும் வைத்துள்ளோம். எல்லாவற்றிலும் செம்மண், கோகோபீட் (தென்னை நார்த் தூள்), மக்கிய தொழு உரம் கலந்த ஒரே கலவைதான். கேன்களின் அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நடுவில் துளையிட்டோம். காலையும் மாலையும் போர் தண்ணீர் ஊற்றுகிறோம்.

பங்குனி வெயில் தொடங்கியதிலிருந்து கேனில் உள்ள தக்காளி முற்பகலிலேயே துவண்டுவிடுகிறது. அடியிலைகள் முழுவதும் மஞ்சளாகி உதிர்கின்றன, பூவும் நிற்பதில்லை. மேல்மண் காய்ந்திருப்பதால் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியும் பயன் இல்லை. சில செடிகள் மறுநாள் காலையிலும் தலை நிமிர்வதில்லை. அரிசிச் சிப்பங்களோ மேற்கு வெயில் படும் பக்கத்தில் விரல் பட்டாலே பொடிகின்றன. வெள்ளைத் துணுக்குகள் மண்ணில் விழுகின்றன. கீரை மட்டும் செழிப்பாக இருக்கிறது. மண் ஒன்றாக இருந்தும் இந்த வேறுபாடு ஏன் என்று விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (மேலூர்)

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது, சில செடிகள் காலையிலும் நிமிரவில்லை என்பது. உச்சி வெயிலில் துவண்டு, பொழுது சாய்ந்ததும் தெளிந்துவிடும் செடிக்குப் பெரும்பாலும் நோய் எதுவும் இருக்காது. வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை வெளியிடும் நீர் அதிகமாவதால் அப்படி ஆகும். இரவு முழுதும் குளிர்ந்த பிறகும் துவண்டே இருந்தால் பெரும்பாலும் வேரில்தான் கோளாறு. மேல்மண் காய்ந்திருப்பதை நம்பி மேலும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கோகோபீட் கலந்த மண் மேலே உலர்ந்து காட்டினாலும் அடியில் நீரைப் பிடித்து வைத்திருக்கும்.

கேனின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான எண்ணெய் கேன்களில் அடித்தட்டின் நடுப்பகுதி உள்நோக்கி மேடாக எழும்பியிருக்கும், ஓரம்தான் தாழ்வு. நடுவில் துளையிட்டால் அந்த மேட்டின் உயரம் வரை ஓரத்தைச் சுற்றி நீர் தேங்கி நிற்கும். சூட்டுக் கம்பியால் துளைக்கும்போது உருகும் பிளாஸ்டிக் துளையைச் சுற்றி உட்புறம் வரம்பு போல எழும்பி இறுகிவிடுவதால், அதுவும் சிறிது நீரைத் தடுக்கும். போதாக்குறைக்கு, கேனைத் தளத்தின் மேல் நேராக வைத்தால் அடியின் ஓரம் தளத்தோடு ஒட்டிக்கொண்டு, துளை வழியே வரும் நீரும் எளிதில் வெளியேறாது. இவை மூன்றும் சேர்ந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகல் வரும். அடியிலை மஞ்சளாவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

உறுதிப்படுத்திக்கொள்ள, மிகவும் துவண்ட ஒரு செடியை மண்ணோடு கவிழ்த்து எடுங்கள். நல்ல வேர் வெண்மையாக, இழுத்தால் அறுபடாமல் இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் மேல்தோல் மட்டும் கழன்று வந்து உள்ளே நூல் போன்ற நரம்பு நிற்கும். மண்ணிலும் புளித்த வாடை அடிக்கும். அப்படி இருந்தால் அந்தச் செடியை விட்டுவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுங்கள். செடியைப் பிடுங்காமலேயே, பக்கச் சுவரில் அடியிலிருந்து விரற்கடை உயரத்துக்குள் சுற்றிலும் ஐந்தாறு துளைகள் இடலாம். பிறகு ஒவ்வொரு கேனையும் இரண்டு செங்கல் மேல், நடுவில் இடைவெளி விட்டு வையுங்கள். தளத்தின் சூடும் நேரடியாக ஏறாது, கூரையில் ஈரம் இறங்குவதும் குறையும்.

கீரை ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கும் விடை இதில்தான் உள்ளது. தெர்மாகோல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. மெல்லிய கேன் சுவரோ வெயிலை அப்படியே மண்ணுக்குள் கடத்துகிறது. அதுவும் ஒளி ஊடுருவும் கேன் என்றால் உட்சுவரில் பாசி படியும், வேர்களும் அந்தப் பக்கம் வளரத் தயங்கும். பழைய சணல் சாக்கைச் சுற்றிக் கட்டி, தண்ணீர் ஊற்றும்போது அதையும் நனைத்துவிடுங்கள். சாக்கு கிடைக்காவிட்டால் வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்தாலும் ஓரளவு பயன் உண்டு. தெர்மாகோல் பெட்டிக்கும் சுண்ணாம்பு அடிக்கலாம். ஆயில் பெயிண்ட் மட்டும் கூடாது, அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துவிடும்.

பதில் (வில்லாபுரம்)

அரிசிச் சிப்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது பாலிபுரொப்பிலீன் நாடாக்களைக் கொண்டு நெய்த பை. கடைக்குள் நிழலில் அடுக்கி வைப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதால், வெயிலைத் தாங்குவதற்கான பொருள் அதில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு இழைகள் வலுவிழந்து உதிரும். செடி வளர்ப்பதற்கென்றே விலைக்கு விற்கும் பையான குரோ பேக்கில் அந்தப் பாதுகாப்புப் பொருள் கலந்திருப்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

உதிரும் துணுக்குகள் மக்குவதில்லை. இன்னும் சிறியதாக நொறுங்கி மண்ணிலேயே கிடக்கும். குப்பையைக் குறைக்கத் தொடங்கிய வேலை, பொறுக்கி எடுக்க முடியாத குப்பையை நம் உரமண்ணிலேயே கலந்துவிடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. ஆகவே பொடியத் தொடங்கிய பையை இழுத்து நகர்த்தாதீர்கள். அது நின்ற இடத்திலேயே பக்கத்தில் ஓர் அகன்ற தொட்டியை வைத்து, பையைப் பக்கவாட்டில் கத்தியால் கீறி, மண்கட்டி உடையாமல் செடியை மாற்றுங்கள். மேல்மண்ணில் கண்ணுக்குத் தெரியும் துணுக்குகளை அப்போதே அள்ளி அகற்றிவிடலாம்.

இனி வரும் சிப்பங்களை வெயிலுக்கு அனுப்பாமல், மாடிப்படி அடியிலோ மரநிழலிலோ சருகு மக்க வைக்கப் பயன்படுத்துங்கள். நெய்த பை என்பதால் காற்று உள்ளே போகும். நிழலில் பல மாதம் உழைக்கும்.

பதில் (ஆனையூர்)

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். செங்கல்லுக்கு அடியில் தட்டு வைத்து வடிநீரைப் பிடிப்பதாக இருந்தால், அதை வாரம் ஒருமுறையல்ல, இரண்டு நாளைக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நீரில்தான் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அடுத்தது, பூச்சிமருந்து டப்பாவையும் பெயிண்ட் வாளியையும், எவ்வளவு கழுவினாலும், உண்ணும் செடிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பால் கவரில் நாற்று விடலாம் என்றாலும், கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவதே மேல் என்பது என் கருத்து. நாற்றுக்கு முட்டை அட்டை போதும். அது காகிதக் கூழ் என்பதால் துண்டு துண்டாகக் கிழித்து அப்படியே மண்ணில் நடலாம்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் மிக்க நன்றி. மேலூர் ஐயா சொன்னபடி ஒரு தக்காளியைக் கவிழ்த்துப் பார்த்தோம். மண்ணின் கீழ்ப்பகுதி சேறாக இருந்தது. வேரின் தோல் உருவிக்கொண்டு வந்தது. கேனின் அடியும் அவர் விவரித்தபடியே நடுவில் மேடாக இருக்கிறது. மற்ற கேன்களில் பக்கத்துளை இட்டதும் கலங்கிய நீர் வெகுநேரம் வடிந்தது. மிளகாய்ச் செடிகள் இன்று காலை நிமிர்ந்து நிற்கின்றன. காலியான கேன்களில் உடனே தக்காளியே மறுபடி வைக்கலாமா?

பதில் (மேலூர்)

இப்போது வேண்டாம் அம்மா. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி நிலைத்தால் தக்காளியில் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். தொட்டியை எவ்வளவு சரிசெய்தாலும் சித்திரை, வைகாசியில் காய் பிடிப்பது கடினம். மேலும் 5 லிட்டர் கேன் தக்காளிக்குச் சிறியது. அதற்கு 15 லிட்டராவது மண் இருந்தால்தான் இரண்டு வேளைத் தண்ணீருக்கு நடுவே தாங்கும். அழுகிய மண்ணைத் தளத்தில் மெல்லியதாகப் பரப்பி நன்றாகக் காயவிட்டு, புதிய தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, அந்தக் கேன்களில் கீரையோ மிளகாயோ வையுங்கள். இலை ஓரம் மட்டும் கருகினால் அது போர் தண்ணீரின் உப்பால் இருக்கலாம். அப்போது ஒருமுறை துளை வழியே நன்றாக வடியும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவிவிடலாம். தக்காளி விதையை ஆடியில் முட்டை அட்டையில் போடுங்கள்.